காலையில் மட்டும் கடகடக்கும் இன்ஜின்

பத்து வருடம் ஓடிய கார். காலையில் சாவியைத் திருப்பியதும், சில்லறை போட்ட டப்பாவைக் குலுக்கினாற்போல ஒரு சத்தம். இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறது. மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால் அங்கே வண்டி பரம சாது. "ஒண்ணும் இல்ல சார், ஓட்டுங்க" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் பெரும்பாலும் வராது. வண்டியை ராத்திரி பட்டறையிலேயே விடுங்கள். காலை முதல் ஸ்டார்ட்டை அவர் காதால் கேட்கட்டும்.

இந்தச் சத்தம் ஏன் வருகிறது? ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ என நம் ஊரில் பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது டைமிங் செயின். செயின் தொய்யாமல் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். டென்ஷனருக்குப் பலம் ஆயில் அழுத்தம். இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்த ஆயில் வடிந்திருக்கும். பம்ப் மறுபடி ஏற்றும்வரை செயின் கைடுகளில் அடித்துக்கொள்ளும்.

சத்தம் ஓரிரு நொடியில் நின்றால் பதற வேண்டாம். வாரத்துக்கு வாரம் நீண்டாலோ, சூடான பிறகும் ஐடிலில் கேட்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தாலோ, நாள்பட்டுக் கெட்டிருந்தாலோ, தவறான கிரேடு ஊற்றியிருந்தாலோ நல்ல செயினும் சத்தம் போடும். டிப்ஸ்டிக்கைத் தொடாமலே செயினை மாற்றச் சொல்கிறவரிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

ஆயில் சரி, சத்தம் நிற்கவில்லை என்றால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடி மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். சத்தம் நின்றுபோனால் குற்றவாளி ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், புல்லி பேரிங் இவற்றில் ஒன்று. நிற்காவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழி; இன்றும் பலிக்கும். சத்தம் மேலே வால்வு கவரில் பலமாக இருந்தால் டேப்பெட்டைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டுச் செயின் கவரில் பலமாக இருந்தால் செயின்தான். டீசல் வண்டி இயல்பிலேயே சத்தக்காடு என்பதால் இதற்குப் பழகிய காது வேண்டும்.

ஸ்கேனர் பி0016 என்ற கோட் காட்டினால், கிராங்கும் கேமும் தாளம் தப்பிவிட்டன என்று பொருள். செயின் தேய்மானம் அதற்கு முக்கியக் காரணம். ஆனால் கோட் வரவில்லை என்பதால் செயின் நன்றாக இருக்கிறது என்றாகிவிடாது. தேய்மானம் கணிசமாக ஏறிய பிறகுதான் கோட் விழும்.

செயின் 'இழுத்துவிட்டது' என்பார்கள். இரும்பு இழுபடுவதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னும் மயிரிழை தேய, அத்தனையும் கூடி நீளமாகிவிடுகிறது. அது பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டினால் வண்டி திணறும். மேலும் தாண்டினாலோ அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

மாற்றுவதென்றால் செயினோடு டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய செயினைக் கேட்டு வாங்கி, புதியதோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். தேய்ந்திருந்தால் நீள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.