தண்டுவடமும் குருத்தணுவும்: நம்பிக்கை எது, சிகிச்சை எது?

சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் மரமேறுவோர் தவறி விழுவதும், அலங்காநல்லூர், பாலமேடு வாடிவாசல்களில் காளை தூக்கியெறிந்து முதுகு முறிவதும், நெடுஞ்சாலைகளில் இருசக்கர வாகனங்கள் மோதிக்கொள்வதும் மதுரைச் சமவெளி நன்கறிந்த துயரங்களாகும். இவ்வாறு தண்டுவடம் நசுங்கியவர் உயிர் பிழைத்தாலும், காயத்திற்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போகலாம். சில மாதங்கள் கழித்து, 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாமாம்' என்றொரு செய்தி அவ்வீட்டை எட்டுகிறது. வயலை விற்றாவது அதனைச் செய்துகொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே நமது நோக்கம்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். பொருத்தமான பெயர். தென்னையின் குருத்திலிருந்தே புதிய ஓலைகள் பிறப்பதுபோல, உடலில் தன்னையும் பெருக்கிக்கொண்டு வேறுவகை அணுக்களாகவும் மாறவல்ல அணு இது. கருவில் உள்ள குருத்தணு உடலின் எவ்வகை அணுவாகவும் மாற வல்லது. வளர்ந்தவரின் எலும்பு மஜ்ஜையிலும் தோலிலும் உள்ளவையோ தத்தம் இனத்துக்கு உட்பட்டவை. 2006இல் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா, முதிர்ந்த அணுவையே கருநிலைக் குருத்தணுவுக்கு நிகராகத் திருப்ப முடியும் என எலியின் அணுக்களில் நிறுவினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார்.

குருத்தணு மருத்துவம் வெறும் கனவன்று. அதற்கான சான்று கண் மருத்துவத்தில் உண்டு. கருவிழியின் ஓரத்தில் உள்ள குருத்தணுக்களே அதன் மேற்படலத்தை ஓயாது புதுப்பிக்கின்றன. அமிலமோ சுண்ணாம்போ பட்டு அவை அழிந்தால் பார்வை மங்கும். நலமான கண்ணிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பதிக்கும் எளிய முறையொன்றை ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தார் 2012இல் வெளியிட்டனர். 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவிலும் இக்குருத்தணுக்களை இனங்காணும் ஆய்வுகள் நடந்துள்ளன.

கண்ணில் கைகூடியது தண்டுவடத்தில் ஏன் எளிதில் கைகூடவில்லை? கருவிழிக்கு வேண்டுவது ஒரு மெல்லிய படலம். அதனை உருவாக்குவது அவ்விடத்துக் குருத்தணுவின் இயல்பான வேலை. தண்டுவடமோ மூளையையும் உடலையும் இணைக்கும் எண்ணற்ற நரம்பிழைகளின் கற்றை. அடிபட்ட பின் வீக்கமும் குருதிக்குறைவும் மேலும் பல அணுக்களைக் கொல்கின்றன. பின்னர் அங்கே வடு உருவாகிறது. புதிய அணு பிழைத்தால் மட்டும் போதாது. அது நரம்பணுவாக வேண்டும். இழை நீட்ட வேண்டும். வடுவைக் கடந்து உரிய இடத்தோடு இணைய வேண்டும். வேறிடத்திலிருந்து எடுத்துச் செலுத்தும் மஜ்ஜை அணு இத்தனையும் செய்யும் என்பதற்குச் சான்றில்லை.

ஆய்வுகள் நிற்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் கருநிலைக் குருத்தணுவிலிருந்து பெற்ற அணுக்களை முதன்முதலாகத் தண்டுவட நோயாளிக்குச் செலுத்தியது. மறு ஆண்டே பொருளாதாரக் காரணங்களால் அம்முயற்சியைக் கைவிட்டது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தார் யமனாகா வழியில் உருவாக்கிய அணுக்களை, அடிபட்டுச் சில வாரங்களே ஆன நால்வருக்குப் பதித்தனர். 2025 மார்ச்சில் அறிவித்த முடிவின்படி இருவரிடம் முன்னேற்றம் தென்பட்டது. ஒருவர் துணையின்றி நிற்கலானார். மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நால்வரைக் கொண்டு விதி வகுக்க இயலாது. தானாக நேர்ந்த தேறுதல் எவ்வளவு என்பதையும் பிரித்தறிய வேண்டும். ஆண்டுகள் பல கழிந்த காயத்துக்கு இம்முடிவு பொருந்தும் என்றும் கொள்ளலாகாது. மாறாக, மூக்கின் உட்சவ்வைத் தண்டுவடத்தில் பதித்துக்கொண்ட இளம்பெண் ஒருவருக்கு எட்டாண்டுகளுக்குப் பின் அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்ததை 2014இல் மருத்துவ ஏடொன்று பதிவு செய்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகளில், இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவையே நிலைபெற்ற சிகிச்சைகள். தண்டுவடக் காயத்துக்குக் குருத்தணுவை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செலுத்தலாம். ஆய்வு எனில் பங்குபெறுவோரிடம் அதற்கு விலை கேட்பது முறையன்று. ஆகவே இலட்சங்களைக் கேட்கும் இடத்தில் நடப்பது ஆய்வா, வணிகமா என்று வினவும் உரிமை நமக்குண்டு.

மார்க்கத்தின் பார்வை என்ன? 2003 டிசம்பரில் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை, வளர்ந்தவர் உடல், தொப்புள்கொடி, நஞ்சுக்கொடி, தானாகக் கலைந்த கரு, செயற்கைக் கருத்தரிப்பில் எஞ்சித் தம்பதியர் மனமுவந்து அளிக்கும் கரு ஆகியவற்றிலிருந்து குருத்தணு பெறுவதை ஆகுமாக்கியது. இதற்காகவே கருவைக் கலைப்பதையும் நகலாக்கத்தால் கருவை உண்டாக்குவதையும் தடுத்தது. ஆயினும், ஆகுமானது என்பதாலேயே ஒன்று பயனுள்ளதாகிவிடாது. எல்லா நோய்க்கும் இறைவன் மருந்து படைத்துள்ளான் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை ஆராய்ச்சிக்கு ஊக்கமூட்டுகிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவனே விளைவுக்குப் பொறுப்பாவான் என்ற அவர்களின் மற்றொரு போதனையோ சான்றின்றி நம்பிக்கையை விற்போரை எச்சரிக்கிறது.

அப்படியாயின் இன்று செய்யத்தக்கது என்ன? மறுவாழ்வுப் பயிற்சியே. படுக்கையில் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீரை முறையாக வெளியேற்றுதல், கைகளை வலுவாக்குதல், சக்கர நாற்காலியில் பழக்குதல் ஆகியவை ஆயுளைக் காக்கின்றன. படுக்கைப்புண்ணும் சிறுநீரகத் தொற்றும் உயிரைப் பறிப்பவை என்பதை மறக்கலாகாது. 1954இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். தண்டுவடக் காயத்தால் கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்றும் பணியாற்றுகிறது. இருவரும் எழுந்து நடக்கவில்லை. ஆனால் பலரை எழுப்பிவிட்டனர்.

எனவே அக்குடும்பத்துக்கு நாம் கூறும் விடை இதுவே: வயலை விற்க வேண்டாம். அதன் விளைச்சல் நோயாளியின் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்படட்டும். ஆராய்ச்சி கனியும் நாளில் அதன் பயனைப் பெற, அவர் உடல்நலத்தோடு இருக்க வேண்டுமல்லவா?