குளிர்க்கிடங்கில் வாயுக் குழாயின் பருமன்

விதை உருளைக்கிழங்கை முளைவிடாமல் காப்பதற்கு 2 முதல் 4 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலை வேண்டும். இதன்பொருட்டுத் தோட்டத்திலேயே சிறு குளிர்க்கிடங்கு கட்டுவோர், சுவரின் கனத்தையும் யந்திரத்தின் குதிரைச் சக்தியையும் நன்கு விசாரிக்கின்றனர். அறையையும் யந்திரத்தையும் இணைக்கும் செப்புக் குழாயின் பருமனை விசாரிப்போர் சிலரே. பொருத்த வருபவர் கைவசமுள்ள குழாயை மாட்டிச் செல்வதுமுண்டு. கிழங்கு நிறைந்திருக்கும் காலத்தில் கம்ப்ரஸர் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

குழாய்கள் இரண்டு. திரவத்தை அறைக்குள் கொண்டுபோவது மெல்லிய திரவக் குழாய். குளிர்ச்சுருளில் அத்திரவம் உஷ்ணத்தைக் கவர்ந்து ஆவியானபின், அதனைக் கம்ப்ரஸருக்குத் திருப்புவது பருத்த உறிஞ்சு குழாய். தொல்லை பெரும்பாலும் பின்னதிலேதான்.

உறிஞ்சு குழாய் குறுகியதாயின் வழியிலேயே ஆவியின் அழுத்தம் குறைந்துவிடும். கம்ப்ரஸர் மெலிந்த ஆவியையே இழுக்க நேர்ந்து, மின்சாரம் செலவாகியும் குளிர்ச்சி குன்றும். இக்குறைவு ஏறக்குறைய 1 டிகிரி உஷ்ண வித்தியாசத்திற்கு மேற்படாதவாறு குழாயைத் தேர்வது வழக்கம். அந்த ஒரு டிகிரிக்கே யந்திரத்தின் திறனில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு போய்விடும். உள்விட்டத்தைப் பாதியாக்கினாலோ தடை சுமார் 32 மடங்காகும்.

அங்ஙனமாயின் தாராளமாகப் பெரிய குழாயே போட்டுவிடலாமே எனத் தோன்றும். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி, இங்கு ஆகாது. கம்ப்ரஸரின் எண்ணெயில் சிறிது எப்பொழுதும் வாயுவுடன் கலந்து வெளியேறிக்கொண்டேயிருக்கும். அதனைத் திரும்பக் கொணர்வது ஆவியின் வேகமே. கிடைக்குழாயில் நிமிஷத்திற்கு 500 முதல் 700 அடியும், மேலேறும் குழாயில் 1,000 அடியும் வேகமிருத்தல் வேண்டும் என்பது நெடுநாளைய கணக்கு. 5/8 அங்குலக் குழாய் போதுமான இடத்தில் 7/8 அங்குலம் போட்டால் துவாரத்தின் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகி, வேகம் பாதியாகிவிடும். எண்ணெய் சுருளிலேயே தேங்கும். கம்ப்ரஸர் எண்ணெயின்றித் தேய்ந்து, ஒருநாள் இறுகி நின்றுவிடும்.

யந்திரம் மாடியிலும் சுருள் கீழேயும் இருக்குமிடத்தில் இவ்வபாயம் அதிகம். அங்கு ஏறும் பகுதிக்கு மட்டும் ஓரளவு சிறிய குழாயைப் போட்டு, அதன் அடியில் எண்ணெய் சேர்ந்து மேலெழச் சிறு கீழ்வளைவு வைக்கலாம். கிடைப்பகுதிக்குக் கம்ப்ரஸரை நோக்கி 10 அடிக்கு அரை அங்குலமாவது வாட்டம் வேண்டும்.

சுருள் உயரத்திலிருப்பின் திரவக் குழாயையும் கவனிக்க வேண்டும். ஆர்-22 வாயுவில், ஒவ்வோர் அடி ஏற்றத்திற்கும் சதுர அங்குலத்திற்குச் சுமார் அரை ராத்தல் அழுத்தம் குறையும். மிகக் குறைந்தால் திரவம் வால்வை அடையுமுன்பே குமிழியிட்டுப் பயனற்றுப்போகும்.

நீளத்தை அளக்கும்போது முழங்கை வளைவுகளையும் சேர்க்க வேண்டும். 7/8 அங்குலக் குழாயில் சாதாரண வளைவு ஒன்று சுமார் 2 அடிக் குழாய்க்குச் சமம். கடைக்காரர் சொல்லும் அங்குலம் இக்குழாய்களில் வெளிவிட்டம் என்பதையும் மறத்தலாகாது.

1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஆர்-22 படிப்படியாக விலக்கப்பட்டு வருகிறது. வாயு மாறினால் அடர்த்தியும் மாறுமாதலால், புது யந்திரத்தைப் பழைய குழாயில் இணைக்குமுன் அதனைச் செய்தோரின் அட்டவணையைக் கேட்டுவாங்கி, பருமனை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.