கோர்ன்வோலில் ஹலாலாகச் சாப்பிட...

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வோல், கடற்கரைகளும் கிராமங்களும் நிறைந்த மாவட்டம். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் அங்கு போகும் முஸ்லிம் குடும்பங்கள் எங்கே, எதைச் சாப்பிடுவது?

கண்ணில் முதலில் படுவது நமது பெற்றிஸைப் பெரிதாக்கியது போன்ற 'கோர்னிஷ் பாஸ்டி'. அம்மாவட்டத்தில் செய்யப்படுவதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது என 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்தது. உள்ளே மாட்டிறைச்சி, மேல்மாவில் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கலாம். ஹலால் என உறுதியில்லாத கடையில் வாசனையோடு நின்றுவிட வேண்டியதுதான்!

மீன்தான் நமக்கு நல்லது. நியூலின் பெரிய மீன்பிடித் துறைமுகம். பேட்ஸ்டோவில் ரிக் ஸ்டைன் 1975இல் தொடங்கிய கடலுணவகம் பெயர்பெற்றது. ஆனால் எந்தக் கடையானாலும் வாய்விட்டுக் கேளுங்கள்: மீனைத் தோய்க்கும் மாவில் பியர் உண்டா? பொரிப்பது மரக்கறி எண்ணெயிலா, மாட்டுக் கொழுப்பிலா? சோஸில் வைன் சேர்ந்ததா? ஒவ்வாமை தரும் 14 பொருட்களைச் சொல்ல வேண்டுமென்று 2014 டிசம்பர் முதல் சட்டமுண்டு. மதுவும் பன்றிக் கொழுப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. கேட்பதற்கு வெட்கம் வேண்டாம் சகோதரிகளே.

சென்ட் ஐவ்ஸ் கடற்கரையில் சாப்பிட்டால் பிள்ளைகளின் கையைக் கவனியுங்கள். கடற்காகங்கள் பறித்துப் போய்விடும்!

மாலையில் தேநீர்க் கடைகளில் ஸ்கோன், ஜாம், கெட்டியான பாலாடை கிடைக்கும். அயல் மாவட்டமான டெவனில் பாலாடையை முதலில் பூசுவார்கள். கோர்ன்வோலில் ஜாம்தான் முதலில்.