வீட்டுக்கடனும் முறைப்பாடும்

ஹுன்னஸ்கிரிய போன்ற மலையூர்களில் ஈட்டு உறுதி என எண்ணிக் கைச்சாத்திடப்படுவது, சிலவேளை மீளப்பெறும் நிபந்தனையுடனான கிரய உறுதியாக இருந்துவிடுகின்றது. குறித்த தவணை கடந்தால் வீடே கைமாறிவிடும். வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதை அறிந்தும் எம்மவர் இதில் சிக்குவது இயலாமையினாலேயே என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

கடன் வழங்கியது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனமாயின், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட்டுப் பிரதியைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். நியாயம் கிட்டாவிடின், மத்திய வங்கி 2020 இல் அமைத்த நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் நாடலாம்.

தனிப்பட்ட வட்டிக்காரரை அத்திணைக்களம் கட்டுப்படுத்தாது. அங்கே 1918 ஆம் ஆண்டின் கடன் வழங்கல் கட்டளைச் சட்டமே துணை. மிதமிஞ்சிய வட்டியுடைய கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீளத் திறந்து ஆராயலாம். பற்றுச்சீட்டின்றிக் கையிலே கொடுத்த தவணைகளை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.