அறுபதில் ஒரு கட்டை, எண்பதில் நாலு கட்டை

வீரசோழனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அருப்புக்கோட்டை போய் மதுரை-தூத்துக்குடி நாலுவழிச் சாலையில ஏறினா, வெள்ளைக் கோடு வர்ற இடத்துல வண்டி டர்ருனு அதிருது. வெளிநாட்டுல ரோடே பாட்டுப் பாடுதாமே, அதனால வேகமும் குறையுதாமே. நம்ம பக்கம் போட முடியாதா?”

பாட வைக்கலாம். வேகம் குறையும் என்பதைத்தான் நான் நம்பவில்லை. ஏன் என்பது அந்தப் பாட்டு பிறக்கும் விதத்திலேயே இருக்கிறது.

கம்பிக் கேட்டில் குச்சியை வைத்து இழுத்தபடி ஓடாத பிள்ளை எந்தத் தெருவிலும் கிடையாது. கம்பிகள் நெருக்கமாக இருந்தால் சத்தம் கீச்சென்று ஏறும், விலகியிருந்தால் கனத்து இறங்கும். பாடும் சாலை என்பது தரையில் படுக்கப்போட்ட கேட். குச்சியின் வேலையை டயர் பார்க்கிறது. கம்பிக்குப் பதில் தாரில் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிய காடிகள். கேட்டின் சட்டம் சேர்ந்து அதிர்வதுபோல் காரின் உடம்பு அதிர்ந்து, மூடிய கண்ணாடிக்குள் ஒலியை நிரப்புகிறது. மத்தியானத் தூக்கம் கெட்டு வாசலுக்கு வந்து அதட்டும் வீட்டுக்காரரும் உண்டு. அவரிடம் பிறகு வருவோம்.

கணக்கு மிகச் சின்னது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். காடிகளை 6.4 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் டயர் விநாடிக்குச் சுமார் 262 தடவை தட்டுப்படும். அது ஒரு கட்டை சுருதியின் சட்ஜம். பஞ்சமம் வேண்டுமானால் 4.2 சென்டிமீட்டர், மேல் சட்ஜத்துக்கு 3.2. ஒரு ஸ்வரம் ஒரு விநாடி நிற்க 16.7 மீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும். அரை நிமிடப் பாட்டுக்கு அரைக் கிலோமீட்டர் சாலை. நாலுவழிச் சாலையின் வெள்ளைக் கோடுகள் பாடாததும் இதனால்தான். அரை மீட்டருக்கு ஒன்றாக ஆறு கோடு என்று வைத்துக்கொண்டால், கால் விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்வரம் காதில் உட்காரவே நேரமில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இரண்டரை மீட்டர் இடைவெளி. முன் சக்கரம் ரிஷபத்துக்குப் போன பிறகும் பின் சக்கரம் 0.15 விநாடி சட்ஜத்திலேயே நிற்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு ஸ்வரங்கள் ஒரு கணம் சேர்ந்து ஒலிக்கின்றன. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது வேகத்துக்கு வருவோம். குறித்த வேகத்தில் போனால்தான் பாட்டு சரியாக வரும், ஆகவே ஓட்டுநர் அடங்கிப் போவார் என்கிறார்கள். ஆனால் 80-இல் போனால் எல்லா ஸ்வரங்களும் ஒரே விகிதத்தில், மூன்றில் ஒரு பங்கு ஏறுகின்றன. ஒரு கட்டையில் பாடியது நாலு கட்டையில் பாடும், கொஞ்சம் துரிதமாக. ராகம் கெடாது. 90-இல் ஐந்து கட்டை. பாட்டைக் கெடுப்பது நடுவில் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். சீராக மீறுகிறவருக்குச் சாலை சீராகவே பாடும்.

விகிதம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் லங்காஸ்டர் சாட்சி. 2008-இல் ஒரு கார் விளம்பரத்துக்காக அங்கே வெட்டிய பாட்டு அபசுரமாக ஒலித்தது. காடிக்குக் காடி அளக்க வேண்டியதை, காடியின் அகலத்தை விட்டுவிட்டு வெறும் இடைவெளியாக அளந்திருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் டேவிட் சிம்மன்ஸ்-டஃபின் விளக்கினார். சட்ஜத்துக்கு 12 சென்டிமீட்டர், மேல் சட்ஜத்துக்கு 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். காடியின் அகலம் 3 என்றால், அவை 15, 9 ஆகிவிடும். மேல் சட்ஜம் வர வேண்டிய இடத்தில் தைவதம் வரும்.

வரலாறு என்று பெரிதாக இல்லை. 1995-இல் டென்மார்க்கின் கில்லிங்கில் இரண்டு கலைஞர்கள் சாலையில் குமிழ் பதித்துப் பாட வைத்தார்கள். ஜப்பானில் ஷிஸுவோ ஷினோடா என்பவரின் புல்டோசர் தவறிக் கீறிய தடங்களிலிருந்து யோசனை வளர்ந்து, 2007 வாக்கில் அங்கே சாலைகள் பாடின.

வீட்டுக்காரர் விஷயம். லங்காஸ்டரில் அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல, பாட்டை மூடி, ஊருக்கு வெளியே வேறு சாலையில் வெட்டினார்கள். நெதர்லாந்தின் ஜெல்சமில் 2018-இல் போட்டதைச் சில நாட்களிலேயே அகற்றினார்கள். காரில் போகிறவர் ஒருமுறை கேட்கும் பாட்டை, ஓரத்தில் குடியிருப்பவர் ராத்திரியெல்லாம் கேட்க வேண்டும். அந்தப் புகாரில் முழு நியாயம் இருக்கிறது.

நம் பக்கம் இன்னொரு தடை, கரிசல். மழையில் ஊதி, கோடையில் வெடிக்கும் மண் அது. மேலே கிடக்கும் தார் அலைபோல் எழும்பித் தாழும். மில்லிமீட்டர் ஆழக் காடியைப் புழுதி அடைக்கும், சித்திரை வெயிலில் இளகும் தாரில் லாரிச் சக்கரம் நசுக்கும். திருச்சுழி, வீரசோழன் சாலைகளுக்கு முதலில் வேண்டியது நல்ல அடித்தளம். பாட்டுத்தான் வேண்டும் என்றால் நாலுவழிச் சாலையில், குடியிருப்பு இல்லாத இடமாகப் பார்த்து, கான்கிரீட்டில் வெட்டலாம்.

வெட்டுகிறவர்கள் ஒன்று செய்ய வேண்டும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல், காடிகளின் இடைவெளியை 6.4-லிருந்து 4.2-க்கு எட்டுப் பத்து மீட்டரில் துளித் துளியாகக் குறைத்தால், சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒலி வழுக்கிக்கொண்டே ஏறும். அளவுகளைக் கூட்டிக் குறைத்து வெட்டினால் கமகமே கிடைக்கும்.