வடக்கே ஒரு ராஜ்யம் – 4: விலை வைத்த வாயில்

பூடானுக்குள் நுழையும் இந்தியர் ஒவ்வொருவரும் அங்கே தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 1,200 ரூபாய் செலுத்தியாகவேண்டும் என்று சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு, “நேச நாடு என்று சொல்லிக்கொண்டு நம்மிடமே வரி தண்டுகிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?” என்று சில வாசகர்கள் கோபத்துடன் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரியாததல்ல. கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ ஒன்றைக் காட்டிவிட்டு, விசா என்ற தொல்லை இல்லாமல், சல்லிக் காசும் கொடுக்காமல் பல காலம் போய்வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று ஒருவர் கை நீட்டினால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். ஆயினும் இந்த வரி கொரோனாவின் நஷ்டத்தை நம் தலையில் கட்டுவதற்காக வந்தது என்று அவர்களில் ஒருவர் தீர்மானித்திருப்பது வாஸ்தவம் அன்று. சட்டம் நிறைவேறியது 2020 பிப்ரவரியில்; அந்த நாட்டில் ஒருவருக்கும் அப்போது நோய் கண்டிருக்கவில்லை. அந்த வருஷம் ஜூலையிலிருந்து வசூலிப்பதாக இருந்தார்கள். நோய் வந்து, வசூலிப்பதற்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டது.

நோயை முதலில் கொண்டுவந்தவரும் ஓர் உல்லாசப் பிரயாணிதான். இந்தியாவில் சுற்றிவிட்டு 2020 மார்ச் ஆரம்பத்தில் பூடானுக்குப் போன 76 வயது அமெரிக்கர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, பரிசோதித்ததில் கொரோனா என்று தெரிந்தது. அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். மறுநாளே அயல்நாட்டுப் பிரயாணிகள் வருவதை நிறுத்தினார்கள். அந்த மாதம் 22ஆம் தேதி மன்னர் ஜிக்மே கேசர் நாம்கியேல் வாங்சுக் தேசத்தை நோக்கிப் பேசி, நில எல்லைகளை மூடுவதாக அறிவித்தார். அந்தக் கிழவரோ அங்குள்ள வைத்தியர்களின் பராமரிப்பில் உயிரோடு இருந்து, விமானத்தில் தம் ஊர் போய்ச் சேர்ந்து பிழைத்துக்கொண்டார். அவருக்கு வைத்தியம் பார்த்த தேசத்தில் அப்போது இருந்த டாக்டர்கள் எல்லாரையும் எண்ணினாலும் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், கதவைச் சாத்துவதில் அவர்கள் காட்டிய அவசரத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நமக்கு மனம் வராது.

நல்ல வேளையாக, அந்தச் சமயத்தில் ராஜ்யபாரம் வைத்தியர்கள் கையில் இருந்தது. பிரதமர் லோத்தே ஷெரிங் சிறுநீரக அறுவை வைத்தியர். பிரதமரான பிறகும் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கத்தியைக் கையில் எடுத்தவர். வெளிநாட்டு மந்திரி தாண்டி டோர்ஜி குழந்தை வைத்தியர். சுகாதார மந்திரி டெச்சென் வாங்மோ பொதுச் சுகாதாரத்தைப் பாடமாகவே படித்துத் தேர்ந்தவர். மற்ற தேசங்கள் பதினான்கு நாள் தனிமைவாசம் போதும் என்றிருந்தபோது இவர்கள் இருபத்தொரு நாள் என்று விதித்து, அத்தனை நாளும் விடுதியில் வைத்துச் சோறு போடும் செலவையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும்படி செய்தார்கள். அப்படியும், குவைத்திலிருந்து திரும்பித் தனிமைவாசம் முடித்து வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு 2020 ஆகஸ்டில் நோய் இருப்பது தெரிந்ததும், ஒரே ஒருவருக்காகத் தேசம் முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. மன்னர் அரண்மனையில் இருக்கவில்லை. தெற்கு எல்லையில் காடும் மலையுமாகக் கிடக்கும் காவல் முனைகளுக்கு முதுகில் ஒரு மூட்டையுடன் கால்நடையாகவே போய், திரும்பிய ஒவ்வொரு தடவையும் சாமானியப் பிரஜையைப்போலத் தனிமைவாசம் இருந்தார். வேலை போனவர்களுக்கு மாதந்தோறும் அவருடைய நிவாரண நிதியிலிருந்து பணம் போயிற்று. ராஜபக்தி என்றால் பொதுவாக எனக்குச் சற்றுச் சந்தேகந்தான். இந்த விஷயத்தில் அந்த மக்கள் மன்னரைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுப்பதை நான் வேஷம் என்று எண்ணவில்லை.

தடுப்பூசி போட்ட வரலாறு இன்னும் ருசிகரமானது. இந்தியா 2021 ஜனவரியில் இலவசமாக அனுப்பிய 1,50,000 ஊசி மருந்தைப் பெற்றுக்கொண்டு, அதை உடனே போட்டுவிடாமல், அது எல்லாருக்கும் போதாது, ஒரே மூச்சில் எல்லாருக்கும் போடுவதே உத்தமம் என்று காத்திருந்தார்கள். மார்ச்சில் மீதி மருந்தும் வந்து சேர்ந்தது. அதற்குள் மடாலயத்துப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து நடுவில் ஒரு மாதம் ஆகாத காலம் என்று சொல்ல, அதுவும் கழிந்து, 2021 மார்ச் 27ஆம் தேதி காலையில் குறித்த சுபவேளையில், குரங்கு வருஷத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, அதே குரங்கு வருஷத்தில் பிறந்த ஒரு தாதி முதல் ஊசியைப் போட்டாள். விஞ்ஞானம் படித்த நம்மவர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் சுமார் இரண்டு வாரத்துக்குள் பெரியவர்களில் 93 சதவிகிதத்தினருக்கு ஊசி போட்டு முடித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுச் சிரிக்கவேண்டும். நல்ல நேரம் பார்த்ததில் நஷ்டமான நாட்களை, ஊசிக்குப் பயப்படுகிறவர்களைச் சம்மதிக்கவைக்கச் செலவாகியிருக்கக்கூடிய நாட்களோடு ஒப்பிட்டால் லாபமாகவே முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இந்தியாவில் இரண்டாம் அலை மூண்டு மருந்து ஏற்றுமதி நின்றுபோகவே, அமெரிக்காவும் டென்மார்க்கும் பிறரும் கொடுத்த மருந்தைக்கொண்டு ஜூலையில் இரண்டாம் ஊசியும் ஒரு வாரத்தில் போட்டாயிற்று. வாசல் திறந்த நாள்வரை நோயால் அங்கே மாண்டவர் 21 பேர்தான்.

அந்த வாசல் 2022 செப்டம்பர் 23ஆம் தேதி திறந்தது. இரண்டரை வருஷம் சாத்திக் கிடந்த கதவு என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கதவு எந்தக் காலத்தில்தான் அகலத் திறந்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. 1958இல் நேரு தம் புதல்வியுடன் அங்கே போனபோது மோட்டார் ஓடும் சாலை ஒன்றுகூட இல்லாமையால், சிக்கிமைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாகக் குதிரைமேல் பாரோ போய்ச் சேர்ந்தார். எல்லையிலிருந்து திம்புவுக்குச் சாலை போட்டது 1960க்குப் பிறகு, நம் நாட்டு எல்லைச் சாலை அமைப்பினர். வெளிநாட்டுப் பிரயாணிகளை முதல் முதலாக அநுமதித்தது 1974இல்; இன்றைய மன்னருடைய தந்தையின் பட்டாபிஷேகத்துக்கு வரும் விருந்தாளிகளுக்காக விடுதிகள் கட்டினார்கள், விருந்தாளிகள் போன பிறகு அவற்றை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்ததுதான் அவர்களுடைய சுற்றுலாத் தொழில். அந்த வருஷம் வந்த பிரயாணிகள் 287 பேர். விமானம் வந்தது 1983இல், டெலிவிஷன் 1999இல். எதையும் மெல்ல, எண்ணிப் பார்த்து, விலை வைத்து உள்ளே விடுவது அவர்களுக்குப் பரம்பரை வழக்கம். கொரோனாக் காலத்து அடைப்பும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

அந்த வழக்கத்துக்கு விலக்காக இருந்தவர்களில் நாமும் உண்டு. அயல்நாட்டார் நாளொன்றுக்கு 200 முதல் 250 டாலர் வரை கட்டவேண்டியிருந்த காலத்திலும் இந்தியருக்குக் கட்டணம் கிடையாது. 2019இல் வந்த 3,15,000 சொச்சம் பிரயாணிகளில் ஏறக்குறைய 2,30,000 பேர் இந்தியர். மொத்த ஜனத்தொகையே எட்டு லட்சத்தை எட்டாத தேசத்துக்கு இது எத்தனை பாரம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அந்த வருஷம் அக்டோபரில் நம்மவர் ஒருவர், மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு போனவர், டோச்சு லா கணவாயில் உள்ள ஸ்தூபம் ஒன்றின்மீது ஏணி வைத்து ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டார். அங்கே வரிசையாக நிற்கும் 108 ஸ்தூபங்களும் போரில் இறந்தவர்களின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டவை. அந்தப் படம் ஊரெல்லாம் பரவி, அந்த ஜனங்கள் பட்ட மனவேதனைக்கு அளவில்லை. நாலு மாதத்தில் சட்டம் வந்தது. இந்த ஒரு சம்பவந்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை; ஆனாலும் கோயில் கோபுரத்தின்மேல் அயலான் ஒருவன் ஏறி நின்றால் நாம் என்ன செய்வோம் என்பதைக் கடிதம் எழுதிய அன்பர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

நான் தரை மார்க்கமாகவே போனேன். மேற்கு வங்காளத்தின் ஜெய்காவும் பூடானின் புன்ட்ஷோலிங்கும் உண்மையில் ஒரே ஊர். நடுவில் ஓவியம் தீட்டிய ஒரு வளைவு வாயில் இல்லாவிட்டால் எது எங்கே முடிகிறதென்று அந்நியனுக்குத் தெரியாது என்று முன்பு போய்வந்தவர்கள் சொல்வார்கள். இப்போது தெரிகிறது. நடுவே சுவர் எழும்பியிருக்கிறது. கால்நடையாக வருகிறவர்களுக்குத் தனிக் கட்டடம், அங்கே வரிசை, காகிதப் பரிசோதனை எல்லாம் உண்டு. இந்தப் பக்கம் வாடகை மலிவு என்று ஜெய்காவில் குடியிருந்துகொண்டு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் உத்தியோகத்துக்கும் தினந்தோறும் போய்வந்த பூடானியக் குடும்பங்கள் 2020இல் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு, ஆற்றங்கரையில் அவசரமாகக் கட்டிய தாற்காலிகக் குடிசைகளுக்குப் போயின. ஜெய்காவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு மார்வாடி வியாபாரியிடம் பேச்சுக் கொடுத்தேன். “எங்கள் கடையில் எத்தனை பேர் கடன் பாக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்கள் தெரியுமா, சாகேப்? திறந்த அன்றே பாதிப் பேர் தேடிவந்து பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் புதிதாகச் சரக்கு வாங்கத்தான் வரமாட்டேன் என்கிறார்கள்” என்றார். எல்லை மூடிக் கிடந்த காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் தங்கள் ஊர்க் கடையிலேயே வாங்கப் பழகிவிட்டார்கள். பழக்கம் மாறுவது அத்தனை சுலபமா?

அநுமதிச் சீட்டு வாங்குகிற சடங்கைப் பற்றி விஸ்தரிக்க ஒன்றுமில்லை. பணம் கட்டினேன், ரசீது கொடுத்தார்கள், புன்னகையும் சேர்ந்து கிடைத்தது.

திறந்த அன்று நம்மைவிடப் பலமாக அடி வாங்கியவர்கள் மற்ற தேசத்தார். பழைய 250 டாலரில் அறை, சாப்பாடு, கார், வழிகாட்டி எல்லாம் அடங்கும். அதில் அரசாங்கத்துக்குப் போனது 65 டாலர்தான். 2022 ஜூனில் நிறைவேறிய புதுச் சட்டமோ அந்த 65ஐ 200 ஆக்கி, அறையையும் சாப்பாட்டையும் அவரவர் தனியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பெரிய விடுதியில் ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்குகிறவருக்கு இந்த 200 ஒரு பொருட்டல்ல. நடுத்தரப் பிரயாணியோ சாமானைக் கட்டிக்கொண்டு நேபாளத்துக்குப் போய்விடுவார். இலவசக் கல்விக்கும் இலவச வைத்தியத்துக்கும் வனரட்சணைக்கும் பணம் வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். தேசத்தின் நிலப்பரப்பில் 60 சதவிகிதம் என்றென்றும் காடாகவே இருக்கவேண்டுமென்று அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்பது நியாயந்தான். நியாயமான காரியத்துக்கும் யாராவது ஒருவர் தலையில் பாரம் விழத்தானே செய்கிறது? அந்த ஒருவர் இங்கே சின்ன விடுதிக்காரர்.

பாரோவில் நான் தங்கியது அத்தகைய விடுதி ஒன்றில். மரத்தாலான இரண்டு மாடிக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் நெல் வயல். நடத்துகிறவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். விடுதி கட்ட வாங்கிய கடனுக்கு வட்டியைக் கொரோனாக் காலத்தில் தள்ளுபடி செய்தார்கள், அசல் அப்படியே நிற்கிறது என்றார். சமையல் செய்த பையனும் கணக்கு எழுதிய பெண்ணும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள்; அம்மாளின் சொந்தப் பிள்ளையும் பெர்த் நகரத்தில் இருக்கிறான். எல்லை திறந்ததும் வெளியிலிருந்து ஜனங்கள் உள்ளே வருவார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருந்தார்கள். உள்ளே இருந்த படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அதே வாசல் வழியாக வெளியேறுவார்கள் என்பதை எத்தனை பேர் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பது சந்தேகந்தான்.

அன்று இரவு மிளகாயையே காய்கறியாகப் பாவித்துப் பாலாடைக்கட்டியில் வேகவைத்த ஏமா தட்ஷியையும் சிவப்பரிசிச் சோற்றையும் பரிமாறிக்கொண்டே அந்த அம்மாளும், என்னோடு வந்த வழிகாட்டி இளைஞரும் கட்டணத்தைப் பற்றிச் சண்டையே போட்டுவிட்டார்கள். அந்த இளைஞர் அடைப்புக் காலத்தில் வேலையின்றி இருந்தபோது, ஆரஞ்சு உடை அணிந்த டே-சுங் தொண்டர் படையில் சேர்ந்து, மேற்கே ஹாவிலிருந்து கிழக்கே தாஷிகாங் வரை 403 கிலோமீட்டர் நீளும் பழைய நடைவழியைச் செப்பனிட்டவர்களில் ஒருவர். மோட்டார் சாலை வந்தபின் புதர் மண்டிப்போன அந்தப் பாதையை, எல்லை திறந்த அதே வாரத்தில் மன்னர் மறுபடி திறந்துவைத்தார்.

“கூட்டம் கூடினால் நான் வெட்டிய பாதையெல்லாம் பிளாஸ்டிக் புட்டியாகக் கிடக்கும் சார். கொஞ்சம் பேர் வந்து, நிறைய நாள் தங்கினால் போதும்” என்றார் அவர்.

“உனக்கென்ன தம்பி, நீ நடந்துவிட்டுப் போவாய். பூட்டிய அறைக்கு வட்டி கட்டுவது நான் அல்லவா?” என்றார் அம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, “இருநூறோ நூறோ, எதையாவது ஒன்றை வைத்துவிட்டு நாலு வருஷம் கையை வைக்காமல் இருக்கட்டும் லா. வெளிநாட்டு ஏஜென்டுகள் அடுத்த வருஷப் பிரயாணத்தை இந்த வருஷமே விற்கிறவர்கள். எங்கள் கட்டணம் மாதத்துக்கு மாதம் மாறினால் அவர்கள் எந்த விலையை அச்சடிப்பார்கள்?” என்று கேட்டார்.

நான் ஊர் திரும்பியபின் 2023 ஜூனில், நாலு நாள் கட்டணம் செலுத்தினால் மேலும் நாலு நாள் இலவசம் என்று ஒரு சலுகை வந்தது. ஆகஸ்டில் அதையும் மாற்றி, செப்டம்பர் முதல் 200 டாலரை 100 ஆகக் குறைத்து, 2027 ஆகஸ்ட் 31 வரையில் அதுவே நிலைக்கும் என்று அறிவித்தார்கள். இந்தியருடைய 1,200 ரூபாயில் அவர்கள் கை வைக்கவில்லை.

(தொடரும்)