ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

பயிருக்குத் தண்ணீர் காணாவிட்டால் இலை வாடி நமக்குச் சொல்லிவிடும். என்ஜினுக்குத் தண்ணீர் காணாவிட்டால், நாம் கவனிப்பதற்குள் சேதம் நடந்து முடிந்துவிடும். சாயர்புரம் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றித் தூத்துக்குடிக்குப் போகிற லோடு வண்டி, குடும்பத்தோடு போகிற கார், உழவு ஓட்டுகிற டிராக்டர் எல்லாவற்றுக்கும் இது பொதுவான சங்கதி. என்ஜின் ஏன் கொதிக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது, அதை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று இன்று பார்ப்போம்.

எரிகிற டீசலின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிற வேலையாக மாறுகிறது. ஏறக்குறைய இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சமுள்ள சூட்டில் பெரும்பகுதியைச் சுமந்து வெளியே தள்ளுவது ரேடியேட்டர் தண்ணீர். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங் வால்வு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால், கொதிநிலை பல கார்களில் 120 டிகிரி வரை ஏறிவிடும். நம் வீட்டுக் குக்கர் கணக்குதான். மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் சீக்கிரம் கொதித்து வழிந்துவிடும். பெரிய செலவுக்குப் போகுமுன் இந்தச் சின்ன மூடியைப் பாருங்கள்.

சூடு காட்டும் முள் ஏறினால் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, போயிருவோம்" என்று ஓட்டாதீர்கள். மூடியை உடனே திறக்கவும் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் திறந்ததும் ஆவியாகச் சீறி, முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ரேடியேட்டரைத் தொட்டால் சூடு தெரியாத பிறகே திறக்க வேண்டும். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

"தினமும் காலையில ஒரு சொம்பு ஊத்திருவேன் சார், வண்டி நல்லாத்தான் ஓடுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அண்ணாச்சி, ரேடியேட்டர் மூடி வைத்த பாத்திரம். அதில் தினமும் ஒரு சொம்பு குறைகிறதென்றால், எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அதைக் கண்டுபிடிக்க, ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் எங்கே ஈரம் என்று பார்த்து, அதற்கு நேர்மேலே தேடுங்கள். ஹோஸ் மாட்டியிருக்கும் கிளாம்ப், ரேடியேட்டரின் அடித்தொட்டி, வாட்டர் பம்ப் ஆகிய மூன்றும் முக்கியமான இடங்கள். வாட்டர் பம்பின் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைப்பது வைத்தியமாகாது. பம்பைப் பழுது பார்க்க வேண்டும்.

அட்டை காய்ந்தே இருக்கிறது, தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால்தான் ஆபத்து. அது என்ஜினுக்குள்ளேயே போகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். ஆயில் குச்சியை உருவினால் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். காலையில் ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து, ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டால், ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் கலந்த ஆயில் வழுக்காது. கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு, பேரிங், கிராங்க் வரை போய்விடும்.

தண்ணீர் நிறைய இருந்தும் கொதித்தால், எப்போது கொதிக்கிறது என்று கவனியுங்கள். சந்தை நெரிசலில் சூடேறி, பைபாஸில் ஓடும்போது இறங்கினால் ஃபேனில் கோளாறு. டிராக்டரில் ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அமுக்கிப் பாருங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ரொம்பத் தொய்ந்தால் இறுக்க வேண்டும். வேகத்திலும் பாரத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தண்ணீர் சுற்றவில்லை. தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டாதீர்கள். என்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலும் தேய்மானமும் கூடும்.

நம் கடலோரப் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படிந்து அடைக்கிறது. உப்பு உலோகத்தையும் அரிக்கிறது. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே விற்பதென்றால் அப்படியே ஊற்றலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குச் சுத்தமாகப் பிடித்த மழைத்தண்ணீர் போர் தண்ணீரைவிட மேல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மாவட்டமே வெள்ளக்காடானது. அதுபோல வெள்ளத்தில் நின்ற வண்டியில் ரேடியேட்டர் இடுக்குகளில் வண்டல் காய்ந்து இறுகியிருக்கும். கதிரடிப்புத் தூசியும் அப்படியே. என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். சாதாரணமாகக் கிடைக்கும் கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். ஆடும் நாயும் நக்கிக் குடித்தால் செத்துப்போகும், பிள்ளைகளுக்கும் ஆபத்து. பழையதை வாய்க்காலில் கொட்டாமல், மூடிய கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் தண்ணீர் மட்டம், ஆயில் குச்சி, வண்டிக்கு அடியில் தரை ஆகிய மூன்றையும் பார்க்க இரண்டு நிமிஷம் போதும்.